கறுப்பு உடுத்திய வீடுகளுக்கு டெலிபோன்

19 ஜனவரி 1957
மகன் தம்பிராஜா கடையில் டெலிபோன் வைத்துவிட்டான். அவன் அப்பாவின் படத்துக்கு நேர் கீழே! கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய அட்டைகள். எந்த வீடு, என்ன துணி வாங்குவார்கள் என்று மருமகள் கமலவேணி எழுதி அடுக்குகிறாள். கோணல் கையெழுத்து.

பெரிய ரோட்டில் புது ஜவுளிக்கடை வந்தபின் நாம் ஈ ஓட்டுகிறோம், உண்மைதான். "ஆகஸ்டுக்குள்ள தேறலன்னா கடைய மூடிட்டு ஆபீஸ் வேலைக்குப் போயிடுவேன்மா" என்கிறான். அவன் அப்பா ஒருநாளும் ஆளைத் தேடிப் போனதில்லை. வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டார், அவ்வளவுதான்.

24 ஜனவரி
மானம் போயிற்று. சீனப் பெருநாள் வருகிறது என்று கமலவேணி சியூ நியோ வீட்டுக்குப் போன் செய்து, கெபாயா சட்டைக்குச் சிவப்புத் துணி வந்திருக்கிறது என்றாளாம். போன செப்டம்பரில் கணவனைப் பறிகொடுத்த வீடு! சியூ நியோ என்னோடு கான்வென்டில் படித்தவள். அவள் மகள் திட்டியது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"அட்டையில அது இல்லையே அத்தை."

"அட்டைக்குத் துக்கம் தெரியுமா?"

11 பிப்ரவரி
என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிறாள். மலாயில் குசுகுசுப்பு. "மாமியாருக்குத் தெரிய வேண்டாம்" என்றது மட்டும் காதில் விழுந்தது. எது தெரியக்கூடாது? கடையை விற்க ஆள் பார்க்கிறாளா? இவன் மூடுவான், இவள் விற்பாள் — நான்?

3 மார்ச்
நான் உள்ளே வந்ததும் ரிசீவரை வைத்தாள்.

9 மே
பீரோவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இந்த வயதில் இப்படியும் ஒரு வேலை. அவள் கடையை விற்கவில்லை. அதைவிட மோசம். சாவு விழுந்த பாபாச் சீனர் வீடுகளாகப் பார்த்துப் போன் செய்து, எப்போது துக்கக் கறுப்பைக் கழற்றி நீலத்துக்கு மாறுவீர்கள் என்று கேட்கிறாள்!

"கழுகுகூடக் காத்திருக்கும், போன் பண்ணாது" என்றேன்.

தம்பிராஜா கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆனா நீலத் துணி வித்துப் போவுதும்மா."

27 ஆகஸ்டு
இன்று சியூ நியோ கடைக்கே வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "உன் மருமகள் எங்கே?" என்றாள்.

திட்டு வாங்கிய மறுநாளே கமலவேணி வெறுங்கையோடு அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாளாம். அப்போதுதான் கறுப்பு, நீலம், பச்சை என்று துக்கத்தின் வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். "அப்புறம் மாதாமாதம் போன். என்னிடம் துணியைப் பற்றிப் பேசவே மாட்டாள். சாப்பிட்டீர்களா, தூக்கம் வருகிறதா — இதுதான். அடுத்த மாதம் வருஷம் முடிகிறது, நீலம் எடுக்க வேறு எந்தக் கடைக்குப் போவேன்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஒரு தடவையும் கேட்கவில்லை" என்றாள்.

தனக்கும் மூன்று மகள்களுக்கும் நீலம் எடுத்தாள். தங்கைகளையும் அனுப்புகிறாளாம்.

அவள் போனபின் கமலவேணியிடம், "எனக்கு ஏன் தெரியக்கூடாது?" என்றேன்.

"தெரிஞ்சா போக விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன்தான். ஆனாலும் — அத்தனையும் அன்பா, பாதி வியாபாரமா? கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை அவளுக்கே தெரியாதோ?

4 செப்டம்பர்
மெர்டேக்கா சுதந்திர ஆரவாரம் அடங்கி, தெருவில் கொடிகள் மட்டும் இருக்கின்றன. ஆபீஸ் வேலை பற்றித் தம்பிராஜா பேச்செடுக்கவில்லை. இரண்டாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறான்.

மத்தியானம் கடையில் கமலவேணியும் நானும் மட்டும். பதினோரு வருஷமாக வெள்ளையைத் தவிர எதுவும் நான் உடுத்தியதில்லை.

"அந்தச் சாம்பல் நீலத்தில் ஆறு கெஜம் வெட்டி வை" என்றேன்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. டின்னிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்தாள்.

"பேரு என்னா போடட்டும் அத்தை?"

திமிர். கோணாமல் நேராக எழுது என்றேன்.