விளக்கு வைக்கிற நேரத்து லாரிகள்

ஜனவரி 6, செவ்வாய்

பனி. கல்கத்தாவே மூடிக் கிடக்கிறது, எங்கள் பெஹாலாவில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைத் துடைத்தேன், துணி கரியாகிவிட்டது. நேற்றுதான் துடைத்தது.

நித்யாவுக்கு மறுபடி இழுப்பு. ஆறு வயசுப் பிள்ளை, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுகிறாள். டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "வீட்டுக்கு எதிர்லயே லாரி நிக்கிற குடோன். மருந்து மட்டும் என்ன செய்யும்? வீட்டை மாத்துங்க. இல்லேன்னா குளிர் முடியறவரைக்கும் ஊருக்கு அனுப்புங்க."

ரிக்‌ஷாவில் வசந்தா பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். இறங்கும்போது, "மதுரையில அக்கா வீடு இருக்குல்ல" என்றாள்.

வாங்க: பம்ப் மருந்து, ஸ்வெட்டருக்குப் பட்டன், வெல்லம்.

ஜனவரி 7, புதன்

பாங்க்கில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு, ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலுக்கு டிக்கெட். சனிக்கிழமை 17. இரண்டு பேருக்கு. கவுண்டரில் "நீங்க போகலையா?" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஜனவரி 8, வியாழன்

அரை நாள் லீவு. சாயங்காலம் வீட்டில் இருப்பதே அபூர்வம், அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

எங்களுக்கு எதிரே குடோன் சுவர், கேட் சந்துத் திருப்பத்துக்கு அப்பால், இருட்டிய பிறகுதான் திறக்கும். சரக்கு ஏற்ற வரும் காலி லாரிகள் இடம் பிடிக்க முன்னதாகவே வந்து எங்கள் சந்தில் வரிசையாக நிற்கின்றன. என்ஜினை ஒருத்தரும் நிறுத்துவதில்லை. சரியாக அதே நேரத்தில் வசந்தா விளக்கேற்றுகிறாள். பின்கதவைச் சாத்துகிறாள், வாசல் கதவை விரியத் திறக்கிறாள், லட்சுமி வருவதற்கு. பிள்ளை விளக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு ஸ்லோகம் சொல்கிறாள், வாயை நன்றாகத் திறந்து.

மொத்தப் புகையும் நேரே அங்கேதான்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் தவறவிடாதவள்.

ஜனவரி 9, வெள்ளி

சொல்லிவிட்டேன். அதுவும் வெள்ளிக்கிழமை பார்த்து. என் சமர்த்து.

"விளக்கு வச்ச நேரத்துல வாசலைச் சாத்தச் சொல்றீங்களா?"

"லட்சுமிக்கு முன்னாடி லாரிப் புகை வந்துடுது வசந்தா."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய்விட்டாள், பாத்திரச் சத்தம் பலமாக இருந்தது. அந்தி வந்தது. வாசல் கதவைத் தானே சாத்தித் தாழ் போட்டாள். குளத்தைப் பார்த்த பின்கதவைத் திறந்து வைத்தாள். விளக்கிடம் சின்னக் குரலில் பேசினாள். நான் இருப்பது தெரியாது.

"இந்தப் பக்கமா வாம்மா. பிள்ளைக்கு மூச்சு முட்டுது, கோவிச்சுக்காத."

 சட்டென்று பேப்பரை விரித்துக்கொண்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

நேற்றும் இன்றும் இழுப்பு குறைவு. ஆனால் கதவிடுக்கில் புகை நுழைகிறது. தெருமுனை கிளப்புக்குப் போனேன், கேரம் ஆட்டம். செக்ரட்டரி தபன்தா முழுக்கக் கேட்டார். காயை வைத்துவிட்டு எழுந்தார், பின்னால் ஏழெட்டுப் பேர். குடோன் மேனேஜர், "சந்து என் பொறுப்பில்லை" என்றார். சரி என்று டிரைவர்களிடமே போனோம். பிள்ளைக்கு மூச்சுத் திணறல் என்றதும் ஒவ்வொருவராக சாவியைத் திருப்பினார்கள். ஒரு கிழட்டு லாரி மட்டும் உறுமிக்கொண்டே நின்றது. அதன் டிரைவர் பீகார்காரர், கையைப் பிசைந்தார்.

"பேட்டரி போயிடுச்சு பாபு. நிறுத்தினா தள்ளித்தான் எடுக்கணும். நான் ஒத்த ஆளு."

"நிறுத்துங்க. தினமும் நாங்க தள்ளறோம்" என்றார் தபன்தா. என்னையும் சேர்த்துத்தான். என் இடுப்பைக் கேட்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

போகி. கொளுத்த என்று எடுத்து வைத்திருந்த பழைய பாயை வசந்தா குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். "ஊரான் வண்டியை நிறுத்தச் சொல்லிட்டு நாம புகை போடறதா?"

இரண்டு நாளாகத் தள்ளுகிறேன். முதுகில் தைலம். வசந்தா தேய்த்துவிட்டாள், சிரித்தபடி. அவள் சிரித்து எத்தனை நாளாச்சு.

பெட்டி கட்டிலடியில். பாதி அடுக்கியிருக்கிறது.

ஜனவரி 14, புதன்

பொங்கல். கரும்பு காளிகாட்டில் கிடைத்தது, சோனியாக. மாடி வீட்டு மாஷிமாவுக்குச் சர்க்கரைப் பொங்கல், அங்கிருந்து பதிலுக்குப் பிட்டே, சங்கராந்திக்கு அவர்கள் செய்யும் கொழுக்கட்டை.

சாயங்காலம் சந்தில் சத்தமே இல்லை. கேட் திறந்ததும் மற்ற வண்டிகள் உள்ளே போயின. கிழட்டு லாரிக்குக் கை கொடுக்கப் போனேன். கிளப் ஆட்கள் பாதிப் பேர் சங்கராந்தி ஸ்நானத்துக்குக் கங்காசாகர் போய்விட்டார்கள். அசையவில்லை. பக்கத்தில் வளையல் சத்தம். புதுப் புடவையைச் செருகிக்கொண்டு வசந்தா, லாரியின் பின்பலகையில் கை வைத்து. இந்தச் சந்தில் நின்று யாரிடமும் பேசாதவள்.

"என்ன பாக்கறீங்க? தள்ளுங்க."

ஜன்னலில் நித்யா. அப்பாவும் அம்மாவும் பலமாகத் தள்ள வேண்டுமாம், கிளப்காரர்கள் கத்துவது போலவே வங்காளியில், "ஹெய்யோ! பாபா, ஜோரே! மா, ஜோரே! ஹெய்யோ!"

உருண்டது. திருப்பம் தாண்டி, எங்கள் வாசலை விட்டு வெகுதூரம் போய்த்தான் என்ஜின் பிடித்தது. நித்யா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல், முழுத் தொண்டையில். நானும் வசந்தாவும் தெருவில் நின்று கேட்டோம். இருமல் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

வசந்தா கையில் கிரீஸ். என் சட்டையில் துடைத்தாள்.

"காலையில ஸ்டேஷனுக்குப் போய் அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க."