பெரியவங்க வெளிப்பக்கம்

மார்ச் 3
முழங்கால் வலி குறைவு. மூன்றாம் வகுப்புப் பேத்தி என் முகத்தை வரைந்து கொடுத்தாள். மூக்குதான் கொஞ்சம் பெரிசு. எதிர்வீட்டுக்காரியிடம் இரண்டு முறை காட்டினேன். கை யார் வம்சம்! ஞாயிறு பொருட்காட்சிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மார்ச் 9
சுற்றுகிற பெட்டி ராட்டினம். நானும் அவளும் ஒரே பெட்டி. அவள் தோள் எலும்பு முறிந்துவிட்டது. வலது கை விரல் ஒன்றும் அசையவில்லை. படம் வரைந்த அந்தக் கைதான்.

மார்ச் 12
"எங்க உக்காரணும்னு ராட்டினத்து ஆளு சொல்லவே இல்லையாம்மா?" என்று மகன் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 14
ராட்டினக்காரரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"ரெண்டு தடவை சொன்னேனேம்மா, பெரியவங்க வெளிப்பக்கம்னு. பெட்டி வளையும், உடம்பு நேராப் போகத்தான் பாக்கும். உள்பக்கம் இருக்கறவங்க வழுக்கிட்டுப் போய் ஓரத்து ஆள அழுத்துவாங்க. அந்த வேகத்துல உங்க எழுபது கிலோ நூத்திநாப்பது கிலோ மாதிரி."

சொன்னார்தான். "பேத்திய வளத்தவ நான், எனக்கே பாடமா?" என்று கேட்டது இந்த வாய். வேடிக்கை பார்க்கட்டும் என்று அவளை வெளி ஓரத்தில் உட்காரவைத்தேன். "பாட்டி, நசுக்கற" என்றாள். விளையாட்டு என்று சிரித்தேன். அப்புறம் கம்பியைப் பிடித்து இழுத்தேன், இழுத்தேன் — நகர முடியலையே!

மார்ச் 15
தாழ் சரி, சங்கிலி சரி என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். இயந்திரத்தில் குறை இல்லை.

மார்ச் 17
"அவர் சொன்னார்டா. நான்தான் கேக்கல." மகன் கிளம்பச் சொல்லி என் செருப்பை எடுத்துப் போட்டான். "இத்தன நாள் ஏன் அத்தை..." மருமகள் முடிக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொருட்காட்சி ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். மேனேஜர் கைநாட்டுக்கு மை டப்பாவை நீட்டினார். அஞ்சாவது படித்தவள், கையெழுத்தே போட்டேன். அழகாக இருந்தது. அதுதான் வெட்கம்.

மார்ச் 20
"ஆறு மாசம் பாக்கலாம்" என்கிறார் டாக்டர். பாக்கலாம் என்றால்?

மார்ச் 22
ராட்டினக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம். இன்று பேத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். காரில் எனக்கும் அவளுக்கும் நடுவில் மருமகள் உட்காரப் போனாள்.

"நீ முன்னாடி போம்மா. பாட்டி அந்த ஓரம்" என்றாள் பேத்தி.

பாலத்தடியில் வண்டி வலப்பக்கம் வளைந்தது. நல்ல தோள் பட என்மேல் சரிந்தாள். பஞ்சு மாதிரி. கட்டுப்போட்ட கை மடியில் அப்படியே கிடந்தது.

"வலிக்குதா பாட்டி?" என்று கேட்டாள்.