கணக்கில் விட்டுப்போன ஆடு

கிரேகூம் பண்ணை, டார்ட்மூர்
9 ஏப்ரல் 2001

அன்பு மகள் டாம்சினுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருந்தால் சரி. கோமாரி வந்ததென்று அரசு ஆட்கள் நம் மந்தையைச் சுட்டுக் கொன்றது பற்றி அம்மா ஃபோனில் சொல்லியிருப்பாள். பதினோரு நாள் ஆகிறது. அழுகை வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மனசு மரத்துக் கிடக்கிறது. அன்று பட்டிவாசலில் நின்று எண்ணிய அம்மா, ஒரு தாய் ஆடு குறைகிறது என்று என் காதில் மட்டும் சொன்னாள். அரசு ஆட்களிடம் நாங்கள் வாய் திறக்கவில்லை. அந்த ஒன்றாவது மேட்டில் பிழைத்துக் கிடக்கிறது என்ற நினைப்பில்தான் அவள் எழுந்து நடமாடுகிறாள்.

போகக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள், ஆனாலும் காலையில் கால் தானாக மேட்டுக்குப் போய்விடுகிறது. "மேய்க்க ஒரு வாலும் இல்ல, தடிய மட்டும் எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?" என்கிறாள் அம்மா. திரும்பி வந்தால், "கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்கிறாள். நேற்று நல்ல பனிமூட்டம். வெள்ளீயம் தோண்டிய பழைய பள்ளங்களைத் தாண்டிப் போனேன், ஆட்டுத் தடமெல்லாம் அப்படியே இருக்கிறது, நடக்கத்தான் ஆடு இல்லை. எந்தக் காலத்து ஆட்களோ கட்டிய வட்டக் கல்வீட்டில் நீ சமைத்து விளையாடுவாயே, இடுப்பளவுச் சுவர் மட்டும் நிற்குமே, அதற்குள் அவள் நின்றாள், கணக்கில் குறைந்த அந்தத் தாய் ஆடு, பெட்டைக் குட்டியோடு. வேலியில்லாத மேட்டில் நம் எல்லை எதுவென்று தாய்தான் குட்டிக்கு நடந்து காட்ட வேண்டும், வாங்கி வரும் ஆட்டுக்கு அது தெரியாது, ஆகவே இந்த இரண்டும் இருந்தால் மறுபடி மந்தை உண்டு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் திரும்பினேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கிளிஃபர்ட் வைக்கோலோடு நின்றான். நோய் வந்ததிலிருந்து பக்கத்துப் பண்ணைக்காரனோடும் தூர நின்று கத்தித்தான் பேச்சு. "நாலு நாளாத் தெரியும்டா. எழவு, உன் ஆடாச்சே, காட்டிக்கொடுக்க மனசு வரல. ஓடையத் தாண்டாம இருந்தாச் சரின்னு இங்கேருந்தே வைக்கோல வீசுறேன்" என்றான். அவனுடைய நானூறு ஆடுகள் அவனுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்தன, இன்னும் நோயில்லாமல். அவன் என்னைத் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன், டாம்சின்.

கூட்டுரோட்டு டெலிபோன் பெட்டியிலிருந்து நானே அரசு ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் அவள் மேலே ஓடிவிட்டாள், நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். கூப்பிட்டேன். நேராக என்னிடம் வந்தாள், குட்டியும் பின்னாலேயே வந்தது. வாயைப் பிளந்து பார்த்தார்கள், புண் எதுவும் இல்லை. அவர்கள் கையில் இருந்த உத்தரவில் அதற்கெல்லாம் இடமில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் வீட்டுக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை.

இப்போது புறப்பட்டு வராதே, வந்து செய்ய இங்கே ஒரு வேலையும் இல்லை. உன் முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஃபோனில் அம்மாவிடம் வாய் தவறிவிடாதே, இதற்குப் பதில் எழுதினால் கிளிஃபர்ட் விலாசத்துக்கு எழுது. கடவுள் உங்கள் இரண்டு பேரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். இன்று காலையும் தடியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய் வந்தேன். அம்மா கேட்டாள். இன்னும் கண்ணில் படவில்லை என்றேன்.

உன் அப்பா,
டெஸ்மண்ட்