எண்ணெய் ஊறிய வண்டி

சம்பந்தி,

இன்று காலை கீழே பார்க்கிங்கில் அந்தச் சத்தம் கேட்டது. டீசல் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவதுபோல ஒரு விசில் வருமே, அது. மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த சென்னைக்காரர் வண்டி வாங்கியிருக்கிறார். இன்ஜின் மூடியைத் திறந்துவைத்து, வாட்ச்மேனிடம் இந்தியில் "டர்போ ஹை, டர்போ" என்று விளக்கிக்கொண்டிருந்தார். உங்கள் பால்கனியில், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்கு நெஞ்சு எரிந்தது.

நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. போனவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்கிறாள் என் மகள். உங்கள் மருமகள் அல்லவா, அப்படித்தான் பேசுவாள். நான் குறை பேசவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்புதான் நின்றது, ஞாபகசக்தி நின்றுபோகவில்லை.

உங்களுடைய அந்த டீசல் வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் வாயில் வேறு பேச்சு இல்லை. ஆயிரத்து ஐந்நூறு சிசி, நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, நூற்றுப் பத்துக் குதிரை. உங்கள் கோயம்புத்தூரிலிருந்து யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இதுதான் கிடைக்கும். நம் பேரனுக்குப் பெயர் வைத்த அன்று ஒருவர் குழந்தை எடை எவ்வளவு என்று கேட்டார். நீங்கள் வண்டியின் எடையைச் சொன்னீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள், எதற்கு என்று தெரியாமல்.

"டார்க்குங்க சம்பந்தியம்மா, இழுக்குற சக்தி. பெட்ரோல் வண்டி சும்மா கத்தும். டீசல்தானுங்க இழுக்கும்."

"நம்ம கோந்த்வாவுல இருந்து பக்கத்துல இருக்க காத்ரஜ் கோயிலுக்குப் போயிட்டு வாரதுக்கு என்னத்த இழுக்கணும்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க."

சரி, புரியாதுதான். ஆனால் வண்டி செத்த பிறகு ஒர்க்ஷாப்பில் உங்கள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சொன்னதை நீங்கள் பாதியில் மறித்து மறித்துப் பேசினீர்கள். நான் முழுக்கக் கேட்டேன்.

இந்தக் காலத்து டீசல் வண்டியின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைக்கும். நெடுஞ்சாலையில் வண்டி ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடினால், அது சூடேறி அந்தக் கரியைத் தானே எரித்துத் தீர்த்துவிடும். அப்படி எரிப்பதற்காக இன்ஜின் கொஞ்சம் அதிகமாக டீசலைப் பீய்ச்சும். நடுவில் சாவியைத் திருப்பி அணைத்தால் கரி அங்கேயே தங்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, கீழே இன்ஜின் எண்ணெயில் போய்க் கலக்கும். ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை. நாள்தோறும் இதையே செய்தால்?

நீங்கள் நாள்தோறும் அதைத்தான் செய்தீர்கள். காய்கறிக்கு ஒரு ஓட்டம், பஜனைக்கு ஒரு ஓட்டம், சிக்னலுக்குச் சிக்னல் அணைப்பு. இது போதாதென்று உங்கள் நல்ல நேரம் வேறு. பயணம் எப்போதாக இருந்தாலும், நல்ல நேரத்தில் வண்டியைக் கிளப்பி, கேட்டுக்கு வெளியே உருட்டி நிறுத்தி அணைத்துவிட்டு, மேலே ஏறி வந்து இட்லி சாப்பிட உட்காருவீர்கள். சாமி, சகுனம் எல்லாம் எனக்கும் உண்டு. செம்பையோ பையையோ எடுத்து வாசலில் வைத்தால் பயணம் புறப்பட்டதாக ஆகிவிடும் என்று எங்கள் திருநெல்வேலியிலும் செய்வார்கள். செம்புக்கு இன்ஜின் இல்லை, சம்பந்தி.

வடிகட்டி அடைத்துவிட்டது என்று வண்டி உங்களிடம் சொல்லத்தான் செய்தது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸுக்கு விட்டபோது அந்த மெக்கானிக், "காகா, ஹைவே பே லம்பா சலாவோ" என்றான். நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டுங்கள் என்பதைவிட எளிதாக ஒருவன் எப்படிச் சொல்லுவான்? வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும் அது இருந்ததாம். அதில் குதிரைகள் இருந்த பக்கத்தை மட்டும் நீங்கள் மனப்பாடம் செய்தீர்கள். விளக்கு அணையவில்லை என்றதும் அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினீர்கள். பிள்ளையார் தலைக்குப் பின்னால் மஞ்சளாக ஒளி வீசியது. அதையும் எனக்குக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்.

பிறகு அந்த எண்ணெய்க் குச்சி. இன்ஜினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் குச்சியை உருவி, கோட்டுக்கு மேலே ஏறி நின்ற எண்ணெயைக் காட்டி ஆனந்தப்பட்டீர்களே.

"பாருங்க சம்பந்தியம்மா. மத்தவன் வண்டி எண்ணெய் குடிக்கும். நம்ம வண்டியில ஊறுதுங்க!"

"கிணறே இல்லாத இடத்துல ஊத்து எங்கேர்ந்து வந்தது?"

"டெக்னாலஜிங்க."

ஊறியது டீசல். எண்ணெய் ரசம் மாதிரி நீர்த்துப் போயிருந்தது. டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தில் சுற்றுகிற ஒரு சின்னச் சக்கரம். அதன் அச்சுக்கு எண்ணெய்தான் உயிர். அந்த உயிரில்தான் நீங்கள் தினமும் நல்ல நேரம் பார்த்து டீசலைக் கலந்துகொண்டிருந்தீர்கள்.

வண்டி உங்களுடையது, நீங்கள் என்னவோ செய்துகொள்ளுங்கள் என்று இதையெல்லாம் நான் விட்டிருப்பேன். ஆனால் என் அக்காவை அதில் இழுத்துவிட்டீர்கள்.

சோலாப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா மகள் போன் செய்தபோது நான் இங்கே உங்கள் வீட்டில்தான் இருந்தேன். "சித்தி, அம்மா உங்கள வரச் சொல்லுதா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். போன்ல வேண்டாம், நேர்லதான் சொல்லுவேன்னு அடம் பிடிக்கா."

ஊரிலிருந்தபடியே என் மகன் உடனே மறுநாள் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "ரயிலு எதுக்குங்க? வீட்டு வாசல்ல ஏறி ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கலாமுங்க. ஹைவேயில நம்ம வண்டிய ஒருக்கா பாருங்க." என் மகனிடம் பேசி டிக்கெட்டை ரத்து செய்யவைத்தீர்கள். அதோடு விட்டீர்களா? அக்கா மகளுக்கு நீங்களே போன் போட்டு, "நான் கூட்டிட்டு வாரேன் கண்ணு, டர்போ டீசல், பறந்து வந்துரும்" என்றீர்கள். மகளைக் கொடுத்த வீடு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் நல்ல நேரத்தில் வண்டி மட்டும் கிளம்பியது. கேட்டுக்கு வெளியே போய் நின்றது. நீங்கள் மேலே வந்து கை கழுவினீர்கள்.

"கிளம்பியாச்சுங்க. இனி ராகு காலத்துல போனாலும் தோசமில்ல."

"வண்டி கிளம்பிட்டு. நான் எப்பக் கிளம்ப?"

"ரெண்டு இட்லி சாப்பிடுங்க மொதல்ல."

என் மகளும் கூட வந்தாள். ஊர் ஓரத்து ஹடப்ஸர் தாண்டும் வரை உங்களுக்கு ஒரே உற்சாகம். வழியில் பிக்வண் ஊரைத் தாண்டியதும் வண்டிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறவில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு நம்மை முந்திப் போனது. "குதிரையெல்லாம் புல் மேயப் போயிட்டோ?" என்று கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தது. தரையோடு தரையாக மிதித்தீர்கள். விசில் கீச்சென்று அலறலாக மாறியது. பின்னால் சாலையே தெரியாமல் நீலமும் வெள்ளையுமாகப் புகை. ஓரம் கட்டி, சாவியை உருவினீர்கள்.

வண்டி நிற்கவில்லை.

சாவி உங்கள் கையில் இருக்க, இன்ஜின் தன்னால் ஊளையிட்டது. டர்போவின் அச்சு போய், அது வழியாகத் தன் எண்ணெயையே உறிஞ்சிக் குடித்து எரித்துக்கொண்டிருந்ததாம். ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள். "மாமா, இறங்குங்க, இறங்குங்க!" என்று என் மகள் கத்தினாள். இறங்கி நின்றீர்கள். சாவியை உள்ளே போட்டு மறுபடி திருகிப் பார்த்தீர்கள். அது உங்களைச் சட்டை செய்யவில்லை. உள்ளே இருந்த எண்ணெய் தீர்ந்ததும் படாரென்று இறுகி, தானாக நின்றது.

அப்போதாவது என்னை விட்டிருக்கலாம். எஸ்.டி. என்கிற சிவப்பு அரசு பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. "பஸ்ஸுல எல்லாம் நீங்க போவீங்களா? நம்ம மரியாதை என்னாகுறது? வேற கார் வருதுங்க, பொறுங்க" என்றீர்கள். கம்பெனிக்குப் போன் போட்டு, இன்ஜினுக்கு எத்தனை குதிரை என்று அவர்களிடமே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நிழல் இல்லாத சாலையோரம். வரும் என்ற கார் வரவில்லை. கடைசியில் நான் சாலை நடுவுக்குப் போய்க் கையை நீட்டினேன். ஒரு பஸ் நின்றது. "சடா, ஆஜி, லவ்கர்", சீக்கிரம் ஏறுங்கள் பாட்டி என்று கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். என் மகள் உங்களுக்குத் துணையாக நின்றுவிட்டாள், நீங்கள் போனில்தான் இருந்தீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: என் மகளை நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசியதில்லை. அதற்காகத்தான் உங்கள் காரியத்துக்கு நின்றேன், பந்தியில் பரிமாறினேன், வந்தவர்களிடம் நல்லவர் என்றேன். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன். நீங்கள் சொன்னதெல்லாம் "எல்லாம் விதிங்க" என்பதுதான். விதிக்கு டிரைவிங் லைசென்ஸ் உண்டா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா மகள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் உடம்பில் சூடு இன்னும் இருந்தது. பாதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"என்னமோ சொல்லணும்னாளே, உன்கிட்ட சொன்னாளா?"

"இல்ல சித்தி. மூச்சு முட்டவும் நான் கேட்டேன், என்கிட்ட சொல்லும்மா, நான் சித்திகிட்ட சொல்லிருதேன்னு. வேண்டாம்னுட்டா. 'அவ கார்லதான வாரா, இப்ப வந்துருவா. அவகிட்டயே சொல்லிக்கிடுதேன்'னா."

அவ்வளவுதான், சம்பந்தி. தங்கச்சி ரயிலில் வருகிறாள் என்றிருந்தால் அக்கா தன் மகளிடம் சொல்லியிருப்பாள். ரயில் தாமதமாகும் என்று அவளுக்குத் தெரியும், அவள் ரயில்வேக்காரன் பெண்டாட்டி. உங்கள் வண்டியை அவள் நம்பினாள்.

அம்மாவைப் பற்றி எதுவுமா, எங்களுக்குள் பேசாமல் விட்ட பழைய சண்டையா, மகளைப் பார்த்துக்கொள் என்பதா, இல்லை வெறும் ஊர்க்கதையா, தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் அவரவர் வேலையில் இருக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து அவள் குரலில் சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் அவள் சொல்வதுபோல இல்லை. வாராவாரம் அக்கா மகள் போன் செய்கிறாள். "சித்தி" என்று அவள் ஆரம்பித்ததும், திடீரென்று ஏதாவது ஞாபகம் வந்து சொல்லப்போகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன். அவள் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள்.