கரை கரையாகப் போன படம்

பிப்ரவரி 11, செவ்வாய்

கியோலாபா இன்று ஒரு வெள்ளைத்தாளை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, "சொல்லுடி நபுகாலு, இதை என்ன பண்ணப் போறே?" என்றாள். இது என்றால் படம். 'ஐந்தாம் படகு'. மசாக்கா பக்கத்து நியெண்டோவில் அவளுடைய அறையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து நானும் அவளும் வெட்டி ஒட்டி முடித்தாயிற்று. இனி அது ஜனங்களிடம் போக வேண்டும். கொண்டுபோக ஆள் கிடையாது. நாங்களே கொண்டுபோனால்தான் உண்டு.

தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்களாம். பத்து வருஷ உரிமை மொத்தமும் அவர்களுக்கு, கடைசி ஆறு நிமிஷத்தை வெட்ட வேண்டும். யாருமே பேசாத ஆறு நிமிஷம் என்றால் ஜனம் வேறு சேனலுக்குப் போய்விடுமாம். வெளிநாட்டு இணையக் கம்பெனிக்கு எழுதி ஏழு மாதம் ஆகிறது, பதில் இல்லை. அப்புறம் லைப்ரரிக் கடைகள். லைப்ரரி என்றுதான் பெயர், உள்ளே ஒரு புத்தகம் இருக்காது. மெமரி கார்டை நீட்டினால் படத்தை ஏற்றித் தருவான். ஒரு கடைக்குக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் நூறு கடையில் இருக்கும், அப்புறம் அது எங்கே போயிற்று என்று கடவுளுக்கே தெரியாது.

நான் தாளின் அடியில் எழுதினேன்: நானே எடுத்துக்கொண்டு போகிறேன். ஏரிக்கரை வீடியோ கொட்டகைகள், ஒவ்வொரு கரையாக.

"பைத்தியமா உனக்கு? அங்கே பந்தாட்டமும் சண்டைப்படமும் தவிர எவன் பார்ப்பான்?" என்றாள். பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நீ படம் காட்டப் போகலை. புருஷனைத் தேடப் போறே."

கோபம் வந்துவிட்டது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று கத்திவிட்டு வந்தேன். இந்த நோட்டை அவள் படிக்கப்போவதில்லை. அதனால் எழுதுகிறேன் — ஆமாம். லுபோவா இந்த ஏரியில் ஏதோ ஒரு கரையில் இருக்கிறான். அவன் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பார்த்தால் சந்தோஷம். அவ்வளவுதான்.

பிப்ரவரி 12

அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டித் தருவானே, அந்த ரோலெக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு முட்டை போட்டது. சாப்பிட்டாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

வானொலியில் காலையிலிருந்து ஒரே காதல் பாட்டு. அணைத்துவிட்டேன்.

எஞ்சின் விஷயத்தை நான் எங்கேயும் எழுதியதில்லை. எழுதிவிட்டால் என்ன?

படப்பிடிப்பில் நான்கு நாள் பாக்கி இருந்தது, கையில் காசு தீர்ந்துவிட்டது. லுபோவா தன் அண்ணன் சாவுக்கு ரக்காய் ஊருக்குப் போயிருந்தான். வீட்டுப் பின்னால் அவன் படகு எஞ்சின் இருந்தது, சாக்குப் போட்டு மூடி. ஆறு வருஷம் மீன்பிடித்து வாங்கியது. நான் விற்றேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான், அதுதான் தாங்கவில்லை. கேட்கக்கூட எனக்கு ஒரு நாள் பொறுமை இல்லை.

திரும்பி வந்தான். வெறும் சாக்கைப் பார்த்தான். மடித்து ஓரமாக வைத்தான். படத்தில் ஒலி முழுக்க அவன் வேலை. மைக்கைப் படகில் கட்டி விடியற்காலையில் ஏரிக்குள் போய்த் தண்ணீர்ச் சத்தம் பிடித்து வருவான். ஐந்தாம் படகுக்காரனாக நடித்ததும் அவன்தான், ஆள் அமர்த்தக் காசில்லை. கதையில் அது எஞ்சின் படகு. கடைசிக் காட்சி அன்று துடுப்பை எடுத்துக்கொண்டு ஏறினான். தூரத்திலிருந்து போட்டுக்கொண்டே வந்தான், நான் ஆறு நிமிஷம் எடுத்தேன். கரையேறினான், மைக்கையெல்லாம் துடைத்துப் பெட்டியில் வைத்தான், போனான். மூன்று வருஷம் ஆகப்போகிறது. போன் நம்பரும் மாறிவிட்டது.

கம்பாலாவில் போட்டுக் காட்டியபோது அந்தத் துடுப்பை எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள். எவ்வளவு நுட்பமான யோசனை என்றார் ஒருவர். நான் நன்றி என்று பல்லைக் காட்டினேன். வெட்கமாயிருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய். புகாகட்டா

முதல் கரையிலேயே படுதோல்வி.

மத்தியானம் இரண்டு மணிக் காட்சி. கொட்டகையில் முப்பது பேர், பாதிப் பேர் வலை பின்னும் வேலையையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். இங்கே படம் ஓடும்போது பக்கத்தில் ஒருவன் மைக்கில் பேசிக்கொண்டே இருப்பான், அவன்தான் மைக்குக்காரன். ஐந்தாவது நிமிஷம் ஒருவன் கேட்டான்: "மைக்குக்காரன் எங்கே? செத்துட்டானா?" சிரிப்பு. இன்னொருவன், "அக்கா, உன் படத்துக்கு வாய் இல்லையா?" என்றான். அரைமணியில் கொட்டகையில் மிஞ்சியது நானும் ஒரு கோழியும்.

கொட்டகைக்காரர் நல்ல மனுஷன். பதமாகத்தான் சொன்னார். "மைக்குக்காரன் இல்லாம இங்கே எந்தப் படமும் ஓடாதும்மா. வாமாலாவைக் கூட்டிட்டு வா."

"அவர் சீனப்படத்துக்கும் இந்திப்படத்துக்கும் கதை சொல்றவர். என் படம் லுகாண்டாவிலதானே பேசுது? யாருக்கு என்னத்த புரியவைக்கணும்?"

"புரியறது வேற. பக்கத்துல ஒரு ஆள் பேசிக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் அது படம்."

லுபோவா இருக்கிறானா என்று முப்பது முகத்தையும் பார்த்தேன். இல்லை.

மார்ச் 6

வாமாலாவைப் பிடித்தேன். ஐம்பது வயதிருக்கும், தொண்டை தகர டப்பா, கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. படத்தைப் போட்டுக் காட்டினேன். நிலக்கடலைக் குழம்பும் மத்தோகே வாழைக்காய் மசியலும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா யாருமே பேச மாட்டேங்கிறாங்களே. எழவு வீடா?"

ஒப்பந்தம் இது: படம் முழுக்க என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். கடைசி ஆறு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் வாங்கினேன்.

மார்ச் 12, புதன். லம்பு

சத்தியமாவது மண்ணாவது!

அதுவரை அமர்க்களம். என் கதாநாயகிக்கு இந்தக் கரையில் மீன் சுடுகிற ஒருத்தியின் பேரை வைத்துவிட்டார், அந்தப் பெண்மணியே முன்பெஞ்சில் உட்கார்ந்து, "நான் அவ்வளவு அழகா?" என்று கத்துகிறாள். இடம் நிரம்பி வழிந்தது, ஜன்னலில்கூட தலைகள். நானே இரண்டு இடத்தில் சிரித்தேன். கடைசிக் காட்சி வந்தது. லுபோவா தூரத்தில் ஒரு புள்ளியாக. வாமாலா மைக்கை எடுத்தார். "வர்றான்யா வர்றான்! மெதுவா வாடா, பொண்டாட்டி எங்கே ஓடிடப் போறா?" கொட்டகையே உருண்டது.

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். கண்டபடி பேசினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு நிமிஷம் சும்மா விட்டா, இந்த ஜனத்துக்கு அவங்கவங்க கஷ்டம் ஞாபகம் வரும் தங்கச்சி. அதுக்கா டிக்கெட் எடுத்து வந்தாங்க?"

இங்கேயும் லுபோவா இல்லை. இன்று பொறுக்க முடியவில்லை — நாலு பேரிடம் கேட்டுவிடலாமே, லுபோவா என்று ஒருத்தன் இருக்கிறானா என்று? வாய் வரமாட்டேன் என்கிறது. யாரென்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? ஓடிப்போன புருஷன் என்றா? நான் விரட்டினவன் என்றா?

மார்ச் 15

மழை. படகு இல்லை. அவன் சட்டை ஒன்று இன்னும் என் பையில் இருக்கிறது. எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்? படுக்கும்போது தலைக்கு வைக்கத்தான், வேறெதற்கு.

மார்ச் 18, செவ்வாய். கச்சங்கா

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் வாமாலாவுக்கு மலேரியாக் காய்ச்சல். கம்பளிக்குள் கிடக்கிறார், பல் கிட்டுகிறது. கொட்டகைக்காரி விடவில்லை. "ஆள் உள்ளே உக்காந்தாச்சு. மழை வேற, ஒருத்தரும் வெளியே போக மாட்டாங்க. நீயே பேசு" என்று மைக்கைக் கையில் திணித்தாள்.

முதல் பத்து நிமிஷம் நான் உளறியதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. "இவள் இப்போது நடக்கிறாள்" என்றேன். "எங்களுக்குக் கண் இருக்கு அக்கா!" என்றான் ஒருவன். "வாயிலே கொழுக்கட்டையா? பேசு!" அப்புறம் எப்படியோ வந்துவிட்டது. வாமாலா மாதிரி பேர் வைத்தேன், திட்டினேன், கதாநாயகியின் மாமியாரை நாறடித்தேன். கைதட்டினார்கள். எழுதிய வசனத்தைவிட அது நன்றாக இருந்தது, கியோலாபாவிடம் சொல்லக் கூடாது.

கடைசிக் காட்சி. மைக்கைக் கீழே வைக்கத்தான் நினைத்தேன். நான் காப்பாற்ற நினைத்த ஆறு நிமிஷம் அல்லவா. வைக்க முடியவில்லை.

"இந்த ஆள் நடிகன் இல்லை" என்றேன். "பேரு லுபோவா. என் புருஷன்."

யாரோ விசில் அடித்தார்கள்.

"கதையில இது எஞ்சின் படகு. இவன் எஞ்சினை இவனைக் கேக்காம நான் வித்துட்டேன். இந்தப் படம் எடுக்க. அதான் துடுப்பு போட்டு வர்றான். இதை நடிச்சுக் குடுத்துட்டுப் போனான். அப்புறம் வரலை. கரை கரையா இந்தப் படத்தை எதுக்குத் தூக்கிட்டு வர்றேன்னு நினைக்கிறீங்க? எங்கேயாவது ஒரு பெஞ்சில உக்காந்திருப்பானான்னு பாக்கத்தான். லுபோவா, இருக்கியா?"

கொட்டகையில் ஒரு சத்தமில்லை. கூரைமேல் மழை, திரையில் தண்ணீர். இரண்டு வருஷமாக இந்த நிசப்தத்துக்குத்தான் ஏங்கினேன். அது இப்படியா வரவேண்டும்?

பின்னாலிருந்து ஒரு பெண், மீன்கூடைக்காரி, எழுந்தாள். "அம்மா, அந்த ஆளை எனக்குத் தெரியும். புகாசாத் தீவுல இருக்காரு. நான் அவருகிட்டத்தான் மீன் எடுக்கறேன்." பக்கத்தில் இருந்தவள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லிடறேன், நாளைக்கு யாராவது சொல்லத்தானே போறாங்க. புது எஞ்சின் வாங்கிட்டாரு. பொண்டாட்டி இருக்கா. கைக்குழந்தை ஒண்ணு."

நான் மைக்கில், "சரி" என்றேன். அது கொட்டகை முழுக்கக் கேட்டது. படம் முடிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி காயவைத்த சிறுமீன் ஒரு பொட்டலம் கொடுத்தாள். ஏன் அழவில்லை என்று தெரியவில்லை. இப்போது அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

மார்ச் 19

குழந்தை. பையனா பெண்ணா என்று கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

வாமாலா எழுந்து கஞ்சி குடித்தார். நடந்ததெல்லாம் அவர் காதுக்கு வந்துவிட்டது. "மைக்கை உன்கிட்ட குடுத்தா என் பொழப்பு போயிடும் போலிருக்கே" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் கேட்டார்.

"செவ்வாக்கிழமை புகாசாவுக்குப் படகு இருக்கு. வர்றியா தங்கச்சி?"

போனால் என்ன? தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? போகாதே நபுகாலு. அங்கே ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் உனக்கு என்ன செய்தாள்? ஆனால் பார்க்கணும் போல இருக்கே, ஐயோ, ஒரே ஒரு தடவை.

மார்ச் 25, செவ்வாய்

படகுவரை போனேன். ஒரு காலை உள்ளே வைத்தேன். எடுத்துக்கொண்டேன். படம் இருக்கிற பெட்டியை வாமாலாவிடம் கொடுத்தேன். என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று ஒன்றும் சொல்லவில்லை. படகு மறையும்வரை நின்றேன்.

மார்ச் 28, வெள்ளி. நியெண்டோ

வாமாலா போனில்.

"வந்தாரு தங்கச்சி. யார் சொன்னாங்களோ, முதல் ஆளா வந்து முன்னால உக்காந்துட்டாரு. தனியாத்தான். படம் பூரா பேசினேன், ஒரு தடவைகூட சிரிக்கலை. கடைசிக் காட்சி வந்ததும் எனக்கே என்னமோ ஆயிடுச்சு, மைக்கை அணைச்சுட்டேன். பின்னாடி கத்தறானுங்க, பேசுய்யா, காசு குடுத்திருக்கோம்னு. அவரு எழுந்து திரும்பி நின்னாரு. 'சும்மா இருங்கடா. அது நான் பிடிச்ச சத்தம்'னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருத்தனும் பேசலை. முடியறவரைக்கும்."

"என்னைக் கேட்டாரா?"

"இல்லைம்மா."

"நான் வந்திருக்கேனான்னுகூட?"

"கேக்கலை. போகும்போது என் கையைப் பிடிச்சாரு. நல்ல படம்னாரு. அவ்வளவுதான்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார், பாவம்.

ஏப்ரல் 2

தூங்கினேன்.

ஏப்ரல் 7, திங்கள்

கியோலாபாவும் நானும் மசாக்கா பஸ் நிலையத்தைச் சுற்றி இருக்கிற பதினொரு லைப்ரரிக் கடைகளுக்கும் நடந்தோம். எல்லோருக்கும் படத்தைக் கொடுத்தேன். என் நம்பரைப் படத்தின் முகப்பில் போட்டிருக்கிறோம், பிடித்தவர்கள் விரும்பிய காசை போனில் அனுப்பட்டும். கூடவே கச்சங்காவில் நான் மைக்கில் பேசியதை யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள், கடைக்காரர்கள் அதையும் கேட்டார்கள். அது கிடையாது என்றேன்.

கடைசிக் கடைக்காரன் சுறுசுறுப்பான ஆள், உடனே நான்கு கார்டில் ஏற்றிவிட்டான். "ரெண்டு கம்பாலாவுக்கு அக்கா, மத்த ரெண்டும் படகுல போகுது" என்றான்.

எந்தக் கரைக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.