மூன்றாம் மாடி ஜன்னலில் உன் மகள்

வோல்கா கரை,
வியாழக்கிழமை சாயங்காலம், ஜூலை 1979

அன்பு மகன் கிளெப்புக்கு உன் அப்பா சவேலி எழுதுவது. இங்கே நாங்கள் நலம், உன் மனைவி ஸோயா நலம், உன் மகள் நலம். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, நின்று இன்னொரு தடவை படி. இந்த ஒரு வரியை எழுதுவதற்காக உன் அப்பன் இந்த வாரம் பட்ட பாடு ஊர் முழுக்கச் சிரிப்பாகச் சிரிக்கிறது. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, அந்த ஓடுகிற பட்டையில் ஒழுங்காக ஓடிப் பயிற்சி செய்துகொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாகப் போகிறது. வயசானதால் இல்லை, சந்தோஷத்தால், கொஞ்சம் நம் தீயணைப்பு நிலையத்து யெகோர் ஊற்றிக் கொடுத்ததாலும். பொறுத்துக்கொள், நீ இருக்கும் இடத்தில் எது நேர், எது கோணல் என்று யார் கண்டார்கள்.

உங்கள் அலுவலகத்து வதீம் என் அடுக்களையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் அப்பம் தின்றுகொண்டிருக்கிறான். உங்கள் விண்வெளி நிலையத்துக்கு வெங்காயமும் பூண்டும் பத்திரிகைகளும் ஏற்றி வரப்போகிற சரக்குக் கப்பலின் தபால் பை இன்று ராத்திரி ரயிலேறுகிறதாம், நான் முடிக்கும்வரை நகரமாட்டானாம். இவன் வந்து மூன்று நாளாகிறது. வந்த அன்றைக்கே என் எதிரில் ஒரு தாளை வைத்து, "பெரியவரே, ரெண்டே வரி போதும். உங்க மகன் தூங்கவே மாட்டேங்கறார். குழந்தை பொறந்தாச்சு, பொண்ணு, தாயும் சேயும் நலம்னு ரேடியோவுல சொல்லிட்டோம். சரின்னு கேட்டுக்கிட்டு, அப்பா கடிதம் எப்ப வரும்னு மட்டும் திரும்பக் கேக்கறார்" என்றான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பயிற்சியின்போது சின்னச் சத்தம்கூட நுழையாத அந்த அறையில் உன்னைத் தனியாக அடைத்துச் சோதித்த நாட்களில்தானே உன் அம்மா போனாள். அப்போதும் வீட்டில் அனைவரும் நலம் என்றுதான் உனக்குச் சொன்னார்கள், நீ வெளியே வந்தபோது அவளை அடக்கம் பண்ணியாகிவிட்டது. இந்தத் தடவை நீ கிளம்பும்போது பயணத்துக்கு முன் உட்காரும் நம் வழக்கப்படி பெட்டி மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோமே, எழுந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல இருக்கறவனுக்கு நல்லதை மட்டுந்தான் சொல்லுவாங்கப்பா. நீங்க கண்ணால பாத்துட்டு எழுதுங்க, அதை மட்டும் நம்பறேன்" என்றாய். நானும் தலையை ஆட்டிவிட்டேன். அதனால் வதீமிடம், "நான் இன்னும் பாக்கலியே தம்பி, பாக்காம எழுதமாட்டேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாவம், அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

பார்ப்பது என்ன லேசா? பிரசவ ஆஸ்பத்திரிக்குள் ஆண்பிள்ளைகளை விடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். எல்லா அப்பன்மாரையும் போல நானும் செவ்வாய்க்கிழமை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். ஒருத்தன் பூங்கொத்தோடு, ஒருத்தன் அக்கார்டியனோடு, எல்லோரும் இருபத்தைந்து வயசுப் பையன்கள், நடுவில் நரைத்த மீசையோடு நான். "தாத்தா, இந்த வயசுலயா? உங்களுக்கு ஒரு கும்பிடு!" என்று ஒருத்தன் கேட்க, "நான் என் மகனுக்குப் பதிலா நிக்கறேன்டா, அவன் வேலைக்குப் போயிருக்கான்" என்றேன். "அப்படி எங்க வேலை, லீவுகூடக் குடுக்காம?" என்றான். நான் விரலை மேலே காட்டினேன். பையன் வாயைப் பிளந்தான், அதற்கப்புறம் எனக்குத்தான் முன்வரிசை. ஸோயாவின் அறை என்று தாதி சொல்லியிருந்த மூன்றாம் மாடி ஜன்னலுக்கு ஒரு பெண் வந்து, தன் முகம் மறையும்படி துணியில் சுற்றிய குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். சிவப்பான குண்டு முகம், இத்தனை பெரிய மூக்கு! "எங்க மூக்கு! எங்க வம்சத்து மூக்கு!" என்று கத்தித் தொப்பியைத் தூக்கிப் போட்டேன், அது மரத்தில் மாட்டிக்கொண்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. பிறந்த குழந்தையின் பாதத்தை நனைப்பதென்று சொல்லிக் குடிப்பது நம் வழக்கமாயிற்றே, கொண்டுபோயிருந்த புட்டியைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினேன். அப்போது ரினாத் என்று தாத்தார் இனத்துப் பையன் ஒருத்தன், லாரி ஓட்டுகிறவன், மூச்சிரைக்க ஓடி வந்து மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான், "பெரியவரே, அது என் பொண்டாட்டி ஃபரீதா. அது என் பையன். மூக்கும் என்னோடது" என்றான். எல்லோரும் புல்லில் விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் கிளெப், சிரித்து முடித்ததும் மறுபடி அண்ணாந்து ஜன்னல்களை எண்ணினேன். அது ஸோயாவின் அறைதான், அப்படியானால் ஸோயா எங்கே? ரினாத் கையை வாயில் குவித்துக் கேட்டான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஃபரீதா நடைவழியின் அந்தக் கோடியைக் காட்டி, கன்னத்தில் கையை வைத்துப் படுத்திருக்கிறாள் என்று சைகை செய்தாள். அவள் சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பொட்டலம் வாங்கும் சின்னக் கதவைத் தட்டினேன். தாதி திறந்து, "தாயும் சேயும் நலம்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள். மறுபடி தட்டினேன், மறுபடியும் அதே மூன்று வார்த்தை. நீ மேலே எப்படிக் கிடந்து தவிக்கிறாய் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. மறுநாளும் போனேன், மறுநாளும் அதே பதில். வதீமும் கூட வந்து தன் சிவப்பு அதிகாரி அட்டையை நீட்டிப் பார்த்தான். பெரிய டாக்டர் ரோஸா மார்கோவ்னா அவனை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க சந்திரனுக்கே அதிகாரியா இருங்க தம்பி, என் வார்டுக்குள்ள செருப்புக் காலோட ஆம்பளை வரமுடியாது" என்று அனுப்பிவிட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. முப்பது வருஷம் தீயணைப்பு நிலையத்தில் இருந்தவன் கதவையா தட்டிக்கொண்டு நிற்பான்? உனக்கு எட்டு வயசில் எங்கள் காவல் கோபுரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டு, இன்னும் மேலே போகப் படி இல்லையா என்று அழுது, இறங்கமாட்டேன் என்றாயே, ஏணி வைத்து உன்னை இறக்கியவன் நான்தானே. நேரே யெகோரிடம் போனேன். அன்றைக்கு என் பின்னால் குழாய் சுருட்டிக்கொண்டு வந்தவன் இன்று அங்கே தலைவன். விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தான். "ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு ஏணி எட்டுதான்னு வருஷா வருஷம் சோதிக்கணும் அண்ணே. இந்த வருஷம் இன்னும் சோதிக்கலை" என்று கண்ணடித்தான். இன்று காலை பத்து மணிக்கு மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டி போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, நான் என் பழைய தலைக்கவசத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அப்பன்மார் எல்லோரும் கை தட்டினார்கள், அக்கார்டியன்காரன் அணிவகுப்பு மெட்டு வாசித்தான், வதீம் மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் ஏணி நுனியில் நின்றேன், யெகோர் அதை மிஷினால் நீட்டினான். நீட்டியவன் வேகமாக நீட்டிவிட்டான், நுனி சுவரில் இடித்து, எகிறி, ஃபரீதா காட்டிய கோடி ஜன்னலை விட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. கண்ணாடிக்குள் வெள்ளைக் கட்டில் ஒன்று தெரிந்தது, கையை நீட்டினேன், எட்டவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீ முதல் தடவை போனபோது விண்வெளி நிலையத்தின் பக்கத்தில் போயும் கப்பல் அதோடு ஒட்டாமல் இரண்டே நாளில் இறங்கி வந்தாயே, வந்தவன் வீட்டில் யார் முகத்தையும் பார்க்காமல் விறகு பிளந்துகொண்டே இருந்தாயே, அது ஏனென்று அந்த உயரத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை மாற்றாளாக நின்று அடுத்தவனை அனுப்பிவைத்தவன் நீ. உன் வேலை இன்னதென்று எங்களிடம்கூடச் சொல்லமுடியாமல் ஏதோ தொழிற்சாலையில் இருப்பதாக வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவன். அப்படிக் காத்திருந்து போனவனை, குளியல் கூடத்தில் நீராவிக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு நம் பக்கத்து வீட்டு த்ரோஃபிம், "உம்ம மவன் கதவைத் தட்டினானாம், யாரும் தெறக்கலையாம், திரும்பிட்டானாம்" என்று சொன்னானே. இந்த ஏப்ரலில் தானியங்கி மக்கர் பண்ணியும் நீ கையாலேயே ஓட்டிக் கொண்டுபோய் ஒட்டினாய் என்று ரேடியோவில் கேட்டதும், அதே த்ரோஃபிமைத் தேடிப் பிடித்து குளியலில் உடம்பைத் தட்டிக்கொள்கிற பிர்ச் இலைக் கட்டால் அவன் முதுகில் நாலு போடு கூடுதலாகவே போட்டேன், அவனும் வாங்கிக்கொண்டான். நான் மேலேயிருந்து யெகோரைப் பார்த்து, "மிஷினை விடுடா, கையால சுத்து, மெதுவா!" என்று கத்தினேன். கீழே இருந்தவர்கள், "இடது! இன்னும் இடது! போதும்!" என்று கத்தினார்கள். விரல் விரலாக நகர்ந்து போய் ஏணி ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தது. ஒட்டிவிட்டேன் மகனே! கீழே எழுந்த சத்தத்துக்கு வோல்காவில் போன படகுக்காரன் சங்கு ஊதினான்.

இனி சொல்வது முழு உண்மை, ஒளிவு மறைவு இல்லை. ஸோயா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கெஃபிர் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துத்தான் இருக்கிறது. ரத்தம் நிறையப் போயிருக்கிறது, முதல் நாள் எல்லோரும் பயந்துதான் இருந்திருக்கிறார்கள், ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது ஆபத்து இல்லை, நாளைக்கு எழுந்து நடக்கலாமாம். என் தலைக்கவசத்தைப் பார்த்ததும் கெஃபிர் மூக்கில் ஏறி, "மாமா, எங்க தீ?" என்று கேட்டுச் சிரித்து, வயிறு வலிக்கிறதென்று திட்டி, பிறகு அழுது, பிறகு மறுபடி சிரித்தாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். குழந்தை மூன்று வாரம் முன்னாடியே வந்துவிட்டவள், கொஞ்சம் மஞ்சள் பூத்திருக்கிறாள், அதற்கு நீல விளக்கு வெளிச்சத்தில் படுக்கவைக்கிறார்கள், ஆனால் நன்றாகப் பால் குடிக்கிறாள். இதற்குள் ரோஸா மார்கோவ்னா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "பெரியவரே, உங்க குடும்பத்துல யாருக்கும் தரையில நிக்கவே தெரியாதா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். நான் அவளிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், உன் அம்மா விஷயத்தையும் சொன்னேன். உள்ளே போனாள். தன் கையாலேயே உன் மகளை எடுத்துவந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மூக்குக்கு நேரே பிடித்தாள். கண் பட்டுவிடாமல் இடது தோளுக்கு மேல் மூன்று தடவை துப்பிவிட்டு எழுதுகிறேன், அழகு என்று சொல்ல முடியாது, சுருங்கிப்போன கிழவன் முகம்தான், மூக்கு ஸோயாவினுடையது, நல்லவேளை. ஆனால் கண்ணைத் திறந்தாள் கிளெப், என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே பார்த்தாள்.

போர்வையில் கட்டியிருந்த மெழுகுத்துணிச் சீட்டை டாக்டரம்மா வெட்டி ஜன்னலில் திறந்திருந்த சின்ன மேல் சாளரம் வழியாகக் கொடுத்து, "உங்க மகனுக்கு இதை அனுப்புங்க, என் கையெழுத்து, நான் பொய் எழுதறதில்லை" என்றாள். இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன், ஸோயாவின் பெயரும் குழந்தையின் எடையும் இருக்கிறது. அங்கே அதற்கு எடை கிடையாது, பறந்து போய்விடும், முதலில் அதைப் பிடித்துச் சட்டைப் பையில் போடு. குழந்தைக்கு உன் அம்மா பெயரையே வைக்கலாமா, கிளாவா என்று கூப்பிடலாமா என்று ஸோயா கேட்கச் சொன்னாள், பதிலை ரேடியோவில் சொல், நான் ஒன்றும் சொல்லமாட்டேன், ஆனால் எனக்குச் சம்மதம்தான். பூண்டை வீணாக்காதே, ஓடுகிற பட்டையில் ஏமாற்றாதே, இறங்கி வரும்போது கால் உன் பேச்சைக் கேட்கவேண்டும், ஏனென்றால் வந்ததும் அந்த ஜன்னலுக்குக் கீழே போய் நீயும் ஒரு தடவை நின்று கத்தவேண்டும், உன் இடத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தொப்பியும் மரத்தில் இருக்கிறது. வதீம் அப்பம் முழுவதையும் தின்றுவிட்டான், வாசலில் வண்டி உறுமுகிறது.

நீயும் உன் கூட்டாளியும் நல்லபடியாகப் போன வேலை முடித்து நல்லபடியாக இறங்கி வரவேண்டும், அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உன் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். நான் கண்ணால் பார்த்துவிட்டேன் கண்ணா. இனி நீ தூங்கு.

உன் அப்பா,
சவேலி