சக்திவேல் மாமாவின் கைப்பிடி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் கவிநிலா எழுதுவது. இங்கே அம்மா சௌக்கியம், சக்திவேல் மாமா ரொம்பவே சௌக்கியம், நான் மட்டும் அடுத்த பௌர்ணமி வரைக்கும் சௌக்கியம். மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். காலையில் அருணகிரி அண்ணன் உங்களுக்குக் கொண்டுவரும் ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் இதை ஒளித்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பயம்.

நடந்தது இதுதான் அப்பா. இந்தப் பௌர்ணமிக்கும் கிரிவலம் வருகிறவர்களுக்கு நம் வாசலில் நீர்மோர் கொடுத்தோம். அம்மாவுக்கு வேங்கிக்காலில் பெரியம்மா வீட்டில் வேலை, அதனால் ஒரு குடத்துக்கு ஒரு கைப்பிடி உப்பு, பார்த்துக் கலக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்தான் பள்ளிக்கூடத்தில் விகிதம் பாடம் முடித்தவளாயிற்றே. பெரிய டிரம்மில் பத்துக் குடம் பிடிக்கும், ஒன்றுக்கு ஒன்று என்றால் பத்துக்குப் பத்து என்று வாசலில் சாக்பீஸால் எழுதி மாமாவுக்குக் காட்டினேன். மாமா அசந்துபோய், "கணக்குப் புலி, நீ எண்ணு, நான் போடறேன்" என்று பத்துக் கைப்பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டார். விகிதம் போடும்போது அலகு மாறக் கூடாது என்று அருணாதேவி டீச்சர் தொண்டை வற்றச் சொன்னார்கள். அம்மாவின் கை எங்கே, லாரி டயர் கழற்றும் மாமாவின் கை எங்கே! அம்மாவின் மூன்று கைப்பிடி, மாமாவின் ஒரே கைப்பிடி.

முதல் டம்ளரைக் குடித்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்தி என்று நினைத்தேன். பிறகு, "ஏம்மா, மலையத்தானே சுத்திக்கினு இருந்தேன், கடலுக்கு எப்போ வந்தேன்?" என்று கேட்டார். கொட்டவும் மனம் வரவில்லை. ஒரு டிரம்மை மூன்றாக்கினால் உப்பு சரியாகிவிடும் என்று உடனே கணக்குப் போட்டேன், அது மட்டும் சரியான கணக்கு. பக்கத்து வீட்டு ராஜம்மாள் அத்தையிடம் அண்டா, குண்டான், குழந்தை குளிக்கும் டப் (புதுசு, சத்தியமாகப் புதுசு) எல்லாம் வாங்கித் தண்ணீர் ஊற்றினேன். தயிர்தான் இல்லை. உப்பு அளவாக இருந்தது, மோர் பெயரளவுக்கு இருந்தது.

திரும்பி வந்த அம்மா, "எப்பவும் எட்டு மணிக்கே காலியாயிடும், இன்னிக்கு ஊத்த ஊத்த வருதே, எம் பொண்ணு கைராசிய பாருங்க!" என்று தெருவெல்லாம் சொல்லி, அடுத்த பௌர்ணமி அன்னதானத்தில் சாம்பாருக்கு அளவு சொல்லும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆயிரம் பேர் சாப்பிடுவார்கள் அப்பா. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால், புள்ள முகம் வாடியிருக்கு, ஊர்க்கண்ணு ஜாஸ்தி என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போடுகிறார். இதுவரை மூன்று முறை இருமிவிட்டேன்.

ஆகையால் வெள்ளிக்கிழமை பேசும்போது, பரீட்சை வருது, புள்ள படிக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் எழுதியதைச் சொல்லாதீர்கள். அண்ணாமலையார் உங்களையும், முடிந்தால் அந்தச் சாம்பாரையும் காப்பாற்றட்டும். மறந்துவிடாதீர்கள், மிளகாய்த்தூளை அள்ளிப் போடும் பொறுப்பை மாமா இப்போதே கேட்டு வாங்கிவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப் புலி (இப்போது பூனை),
கவிநிலா
ஏழாம் வகுப்பு, அடி அண்ணாமலை